ஒரே பெயரில் பல பெண்கள்: கிரேக்கப் புராணத்துக் கிளிமெனேக்களைப் பிரித்தறிய ஒரு முழுமையான வழிகாட்டி

கிரேக்கப் புராணத்தில் கிளிமெனே என்று தேடினால், புரொமீதியஸின் தாய் வருவாள். ஃபேதானின் தாய் வருவாள். ஹெலனின் பணிப்பெண், பாலமீடிஸின் தாய், ஒரு கடல் தேவதை, ஒரு அமேசான் என்று வரிசை நீளும். இவர்களைப் பற்றி எழுத உட்காரும் புதியவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, ‘மொத்தம் எத்தனை கிளிமெனே?’ என்பதுதான். அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. அதை முதலில் கேட்டால், ஏதோ ஒரு அகராதி சொன்ன எண்ணிக்கைக்குள் எல்லாரையும் அடைக்கத் தொடங்கிவிடுவோம்.

இங்கே கிளிமெனேயை வைத்தே முழு வேலையையும் செய்து காட்டுகிறேன். யூரிடிஸி, கிரியூசா, எலெக்ட்ரா என்று எந்தப் பெயருக்கும் இதே வரிசைதான்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மூல நூல்கள் வேண்டும், வரி எண்ணோடு. இலியட், ஒடிசி, ஹெசியோடின் தியோகனி, அப்பல்லோடோரஸ் பெயரில் வழங்கும் ‘நூலகம்’, ஹைஜினஸின் கதைத் தொகுப்பு, பௌசானியஸின் பயண நூல், ஓவிடின் மெட்டமார்ஃபசிஸ். இந்த ஏழும் இருந்தால் பெரும்பாலான சிறு பாத்திரங்களுக்குப் போதும். பெர்சியூஸ் மின்நூலகத்திலும் தியோய் தளத்திலும் ஆங்கில மொழிபெயர்ப்புகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அப்பல்லோடோரஸுக்கு 1921-இல் வந்த ஃபிரேசரின் மொழிபெயர்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற நூல்கள் எங்கே மாறிச் சொல்கின்றன என்பதை அவர் அடிக்குறிப்புகளிலேயே காட்டிவிடுவார்.

வில்லியம் ஸ்மித்தின் கிரேக்க, ரோமானிய வாழ்க்கை வரலாற்று, புராண அகராதி (1844–1849) பயனுள்ளதுதான். ஆனால் அதைக் கடைசிச் சரிபார்ப்புக்கு மட்டும் திறங்கள். யாரை யாரோடு சேர்ப்பது என்ற முடிவை அவர் ஏற்கெனவே எடுத்து, எண்ணும் போட்டுவிட்டார். அதை முதலில் படித்தால் அந்த எண்கள் மனதில் ஒட்டிக்கொள்ளும், மூல நூலைப் படிக்கும்போதும் அவர் கண்ணால்தான் படிப்போம்.

அப்புறம் ஒரு அட்டவணை. நூலும் வரியும், தந்தை, தாய், கணவன், பிள்ளை, ஊர் அல்லது இனம், அவள் அங்கே என்ன செய்கிறாள் என்று ஏழு பத்திகள் (நெடுவரிசைகள்) போடுங்கள். ஒரு வரிசை என்பது ஒரு பெண் அல்ல, ஒரு இடம். அவள் பெயர் வரும் ஒவ்வொரு இடத்துக்கும் தனி வரிசை. ஒரே பெண்தான் என்று நிச்சயமாகத் தெரிந்தாலும் இந்தக் கட்டத்தில் சேர்க்க வேண்டாம்.

2. எழுத்துக்கூட்டலை முதலில் முடிவு செய்யுங்கள்

இதைத் தள்ளிப்போடக் கூடாது. தமிழில் எழுதும்போது சில கிரேக்கப் பெயர்கள் ஒன்றாகக் கலந்துவிடும் ஆபத்து உண்டு. அகிலீஸின் தாயான கடல் தேவதை ஒருத்தி, ஓஷனஸின் மனைவியான மூத்த டைட்டன் ஒருத்தி. இருவரையும் ‘தெதிஸ்’ என்று எழுதியதைப் பல கட்டுரைகளில் பார்த்திருக்கிறேன். முதலாமவளை தெடிஸ் என்றும் இரண்டாமவளை டெதிஸ் என்றும் எழுதினால் மூலத்தின் ஒலி வேறுபாடு தமிழிலும் நிற்கும். கிளிமெனேயின் கதைக்கு இது எவ்வளவு முக்கியம் என்பது 5-ஆம் படியில் தெரியும்.

ஆங்கில நூல்களில் இந்தப் பெயரின் முதல் எழுத்து இரண்டு விதமாக வரும். லத்தீன் வழியாக வந்தால் ‘சி’, நேரடியாகக் கிரேக்கத்திலிருந்து வந்தால் ‘கே’. இரண்டையும் போட்டுத் தேடுங்கள். ஒன்றை மட்டும் தேடினால் இடங்களில் ஒரு பகுதி கண்ணில் படாமலே போகும்.

கிளிமெனஸ் ஆண் பெயர், பெரிகிளிமெனே வேறு பெயர். இவற்றை ஒரு தனித் தாளில் குறித்து வையுங்கள், அட்டவணைக்குள் விட வேண்டாம்.

3. இடங்களைச் சேகரியுங்கள்

கிளிமெனேக்கு என் அட்டவணையில் உள்ள முக்கிய வரிசைகள் இவை:

- தியோகனி 351: ஓஷனஸ், டெதிஸ் இணையரின் மகள்கள் பட்டியலில் ஒரு பெயர்.
- தியோகனி 507 முதல்: இயாபெடஸின் மனைவி, ஓஷனஸின் மகள். அட்லஸ், மெனீஷியஸ், புரொமீதியஸ், எபிமீதியஸ் ஆகியோரின் தாய்.
- இலியட் 3.144: ஹெலன் கோட்டைச் சுவருக்குப் போகும்போது உடன் செல்லும் இரண்டு பணிப்பெண்களில் ஒருத்தி. மற்றவள் பித்தியஸின் மகள் ஏத்ரா.
- இலியட் 18.47: தெடிஸோடு சேர்ந்து அழும் கடல் தேவதைகளில் ஒருத்தி.
- ஒடிசி 11.326: பாதாள உலகில் ஒடிசியஸ் கண்ட பெண்களில் ஒருத்தி.
- அப்பல்லோடோரஸ் 2.1.5, 3.2.2: கிரீட் மன்னன் கேட்ரியஸின் மகள், நாப்லியஸின் மனைவி, பாலமீடிஸின் தாய்.
- அப்பல்லோடோரஸ் 3.9.2: மின்யாஸின் மகள், இயாசஸ் மூலம் அட்டலாண்டாவின் தாய்.
- பௌசானியஸ் 10.26.1: டெல்ஃபி ஓவியத்தில் டிராயின் சிறைப்பட்ட பெண்களில் ஒருத்தி.
- பௌசானியஸ் 10.29.6: அதே ஓவியரின் பாதாளக் காட்சியில் உள்ளவள். மின்யாஸின் மகள், கெஃபாலஸின் மனைவி, இஃபிக்லஸின் தாய்.
- ஓவிட், 1-ஆம் நூலின் இறுதியும் 2-ஆம் நூலும்: சூரியன் மூலம் ஃபேதானைப் பெற்றவள், மெரோப்ஸின் மனைவி.
- வெர்ஜில், ஜார்ஜிக்ஸ் 4.345: நீருக்கடியில் சைரீனி என்ற நீர்த் தேவதையைச் சுற்றி இருக்கும் நங்கைகளுக்குக் கதை சொல்பவள்.
- ஹைஜினஸ் 163: அமேசான்கள் பட்டியலில் ஒரு பெயர்.

பட்டியல் முடிந்ததும் ஒன்று கண்ணில் படும். பல வரிசைகளில் தந்தை, கணவன், பிள்ளை எல்லாமே காலி. அந்தக் காலி இடங்களை ஊகத்தால் நிரப்பாதீர்கள். புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். ஒடிசி 11.326-இல் ஹோமர் அவள் பெயரை மட்டுமே சொல்கிறார். தந்தை பெயர் பௌசானியஸ் வழியாக வருவது. ‘மின்யாஸின் மகளை ஒடிசியஸ் கண்டான்’ என்று எழுதி ஹோமரைச் சான்று காட்டினால், ஹோமர் சொல்லாததை அவர் வாயில் வைத்தவர்களாகிவிடுவோம்.

4. வெறும் பட்டியல்களைத் தனியாக வையுங்கள்

கடல் தேவதைகள், அமேசான்கள், டனாயஸின் ஐம்பது மகள்கள் போன்ற பட்டியல்களில் பெயர் மட்டும் வரும், கதை வராது. இவற்றுக்கு வேறு நிறம் கொடுங்கள். கதை உள்ள ஒருத்தியோடு பட்டியல் பெயரை இணைக்க, பெயரைத் தவிர வேறு ஏதாவது பொருந்த வேண்டும்.

எந்தப் பட்டியலில் பெயர் இல்லை என்பதையும் பாருங்கள். நெரியஸின் மகள்களான கடல் தேவதைகளை ஹோமரும் பட்டியலிடுகிறார், ஹெசியோடும் பட்டியலிடுகிறார். கிளிமெனே ஹோமரின் பட்டியலில் இருக்கிறாள், ஹெசியோடின் பட்டியலில் இல்லை. ஹெசியோட் அவளை ஓஷனஸின் மகள்களிடையே வைக்கிறார். ஆகவே ‘கடல் தேவதை கிளிமெனே’ என்று பொதுவாக எழுதினால் யாரைச் சொல்கிறோம் என்பதே புரியாது. நெரியஸின் மகளா, ஓஷனஸின் மகளா என்று சொல்லியே ஆக வேண்டும்.

ஹைஜினஸ் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். இந்த நூல் ஏறத்தாழ ஒரே ஒரு கையெழுத்துப் படியை நம்பி 1535-இல் பாஸல் நகரில் அச்சானது. பெயர்கள் சிதைந்த இடங்கள் ஏராளம். ஹைஜினஸில் மட்டும் கிடைக்கும் ஒரு பெயரைச் சேர்க்கலாம், ஆனால் அவர் ஒருவர்தான் சாட்சி என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

5. சேர்ப்பதா, பிரிப்பதா

இனிதான் முடிவெடுக்கும் வேலை. நான் பின்பற்றும் முறை இது. தந்தையும் பிள்ளையும் பொருந்தினால் ஒரே பெண், கணவன் மாறினாலும் சரி. தந்தை மட்டும் பொருந்தினால் ஒரே தலைப்பு, உள்ளே இரண்டு மரபுகள். பெயர் மட்டும் பொருந்தினால் தனித்தனி.

கணவனை ஏன் முக்கியச் சாட்சியாக எடுப்பதில்லை? கிரேக்க வம்சாவளிகளில் அடிக்கடி நழுவுவது அந்த இடம்தான். ஒரு வீரன் யாருக்கு மகன் என்று இரண்டு ஊர்கள் இரண்டு விதமாகச் சொல்லும். தாய் அப்படியே இருப்பாள், தந்தை மாறுவான்.

*மின்யாஸின் மகள்.* பௌசானியஸ், ‘திரும்பிவருதல்கள்’ என்ற பழைய காப்பியத்தைச் சான்று காட்டி, இவள் கெஃபாலஸை மணந்து இஃபிக்லஸைப் பெற்றாள் என்கிறார். இலியட் 2.705-இலோ இஃபிக்லஸ் ஃபிலாகஸின் மகன். அப்பல்லோடோரஸின் கணக்கில் ஃபிலாகஸும் கெஃபாலஸும் அண்ணன் தம்பிகள். ஒரே குடும்பம், ஒரே மகன், தந்தையின் பெயரில் மட்டும் கருத்து வேறுபாடு. இங்கே இரண்டு கிளிமெனேக்களை உண்டாக்க வேண்டியதில்லை. அட்டலாண்டாவின் தாயும் மின்யாஸின் மகள்தான், ஆனால் கணவன், பிள்ளை, ஊர் எல்லாமே வேறு, அர்கேடியாவைச் சேர்ந்த குடும்பம். இவளை அதே தலைப்பின் கீழ் இரண்டாவது மரபாக வைக்கிறேன். தனியாகப் பிரிப்பவர்களும் உண்டு. எதைச் செய்தாலும் காரணத்தை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

*ஃபேதானின் தாய்.* இவள்தான் மிகவும் சிக்கலானவள். ஓவிட் இவளை ஓஷனஸின் மகள் என்று வெளிப்படையாகச் சொல்லிக் கதையைத் தொடங்குவதில்லை. ஆனால் ஃபேதான் தன் தந்தை சூரியனின் தேரில் ஏறும் கட்டத்தில், 2-ஆம் நூலின் 156-ஆவது வரியில், கதவைத் திறந்துவிடும் டெதிஸை ‘தன் பேரனின் விதியை அறியாதவள்’ என்கிறார். பேரன் என்றால் கிளிமெனே டெதிஸின் மகள், அதாவது ஓஷனஸின் மகள். இந்த வரியில் டெதிஸை அகிலீஸின் தாய் தெடிஸ் என்று படித்துவிட்டால் வம்சாவளி முழுவதும் கவிழ்ந்துவிடும். 2-ஆம் படியை வலியுறுத்தியது இதனால்தான்.

அப்படியானால் இவளும் புரொமீதியஸின் தாயும் ஒருத்திதானா? பெற்றோர் பொருந்துகிறார்கள், கணவனும் பிள்ளைகளும் பொருந்தவில்லை. ஹெசியோடிடம் ஃபேதான் கதையோடு இவளுக்குத் தொடர்பில்லை. ஓவிடிடம் இயாபெடஸின் மனைவி என்ற பேச்சில்லை. இரண்டு நூல்களில் எதுவும் மற்றதைச் சுட்டுவதில்லை. ஆகவே ‘ஓஷனஸின் மகள்’ என்ற தலைப்பின் கீழ் இரண்டு மரபுகளாக வையுங்கள். ‘இயாபெடஸை விட்டுவிட்டு மெரோப்ஸை மணந்தாள்’ என்று கதை கட்டி ஒட்டவைக்காதீர்கள். அப்படி எந்தப் பழைய நூலும் சொல்லவில்லை.

இன்னொரு கண்ணி ஹைஜினஸ் 154-இல் இருக்கிறது. அங்கே ஃபேதானின் தந்தை சூரியனின் மகன் கிளிமெனஸ், தாய் மெரோப்பே என்ற ஓஷனஸின் மகள். ஓவிடிடம் கிளிமெனே பெண், மெரோப்ஸ் ஆண். இங்கே பெயர்கள் அப்படியே பால் மாறி நிற்கின்றன. இதைத் தட்டச்சுப் பிழை என்று நினைத்துத் திருத்திவிடாதீர்கள். இது தனி மரபு, தனி வரிசையாகவே இருக்கட்டும்.

*நாப்லியஸின் மனைவி.* அப்பல்லோடோரஸ் இங்கே நம் வேலையைத் தானே செய்துவிடுகிறார். சோக நாடகக் கவிஞர்களின்படி அவள் கேட்ரியஸின் மகள் கிளிமெனே, ‘திரும்பிவருதல்கள்’ ஆசிரியரின்படி ஃபிலிரா, செர்காப்ஸ் என்ற பழைய கவிஞரின்படி ஹெசியோனி. மூன்று பெயர்கள், ஒரே மனைவி. கேட்ரியஸின் மகள் என்ற அடையாளம் வேறு எந்தக் கிளிமெனேக்கும் இல்லாததால் இவள் தெளிவாகத் தனி.

ஒரு எச்சரிக்கை. அடையாளம் காட்டப் பயன்படும் ஆணுக்கே பெயரொத்தவர்கள் இருக்கலாம். அப்பல்லோனியஸின் ஆர்கோ காப்பியத்தில் கப்பலேறும் நாப்லியஸ், முன்னோனான பழைய நாப்லியஸின் வழிவந்தவன். ‘நாப்லியஸின் மனைவி’ என்று மட்டும் எழுதாமல் ‘பாலமீடிஸின் தாய்’ என்பதையும் சேர்த்தால் குழப்பம் இருக்காது.

6. டெல்ஃபி ஓவியத்தைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள்

எந்தப் பெயருக்கு உழைத்தாலும், பௌசானியஸின் 10-ஆம் நூலில் 25 முதல் 31 வரையிலான அதிகாரங்களை ஒரு முறை முழுதாகப் படியுங்கள். டெல்ஃபியில் க்னிடோஸ் நகரத்தார் கட்டிய மண்டபத்தில், கி.மு. 5-ஆம் நூற்றாண்டின் பாலிக்னோட்டஸ் தீட்டிய ஓவியங்களை அவர் ஆள் ஆளாக விவரிக்கிறார். ஓவியங்கள் இன்று இல்லை, விவரிப்பு இருக்கிறது.

ஒரு பக்கம் டிராயின் வீழ்ச்சி, மறுபக்கம் பாதாள உலகம். இரண்டிலும் ஒரு கிளிமெனே. டிராய்ப் பக்கத்தில் அவள் கிரியூசா, அரிஸ்டோமாகே, செனோடிகே ஆகியோரோடு நிற்கிறாள். சிறைப்பட்டவர்களில் கிளிமெனேயைக் கவிஞர் ஸ்டெசிகோரஸ் சேர்த்திருக்கிறார் என்று சொல்லும் பௌசானியஸ், செனோடிகேயை எந்தக் கவிஞரும் உரைநடை எழுத்தாளரும் குறிப்பிட்டதாகத் தனக்குத் தெரியவில்லை என்று எழுதிவிட்டு நகர்கிறார். ஒட்டுப்போட்டு நிரப்பவில்லை. நாமும் அப்படித்தான் எழுத வேண்டும்.

பாதாளப் பக்கத்தில் கிளிமெனே, புரோக்ரிஸுக்கு முதுகைக் காட்டியபடி இருக்கிறாள். இந்த ஒரு அசைவில் அடையாளமே இருக்கிறது. கெஃபாலஸ் முதலில் மணந்தது புரோக்ரிஸை, அவள் அவன் கையாலேயே இறந்தாள். பின்னர் மணந்தது கிளிமெனேயை. பக்கத்தில் யார், எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறாள் என்பதும் சாட்சிதான். அட்டவணையில் கடைசிப் பத்தியை வைக்கச் சொன்னது இதற்காகவே.

சரி, டிராய்ப் பக்கக் கிளிமெனேயும் இலியட் 3.144-இன் பணிப்பெண்ணும் ஒருத்திதானா? ஆசை காட்டும் கேள்வி. ஏத்ராவும் அதே ஓவியத்தில் இருக்கிறாள், தலைமுடி ஒட்ட வெட்டப்பட்டவளாக. ஆனால் ஓவியத்தில் ஹெலனின் பணிப்பெண்களாக நிற்பவர்கள் எலெக்ட்ராவும் பந்தாலிஸும். ஹோமர் சொன்ன பெயர்கள் வேறு என்று பௌசானியஸே சுட்டிக்காட்டுகிறார். ஆகவே தனி வரிசையாக வைத்து, ‘ஒருத்தியாகவும் இருக்கலாம்’ என்று மட்டும் குறியுங்கள்.

7. தீராதவர்களுக்கு ஒரு இடம் ஒதுக்குங்கள்

வெர்ஜிலின் கிளிமெனே இந்த வகை. அந்தப் பகுதியில் கிளியோவும் பெரோயேயும் ஓஷனஸின் மகள்கள் என்று அவர் சொல்லிவிடுகிறார், கிளிமெனே யார் மகள் என்று சொல்வதில்லை. வல்கனின் வீண் கவலையையும் மார்ஸின் தந்திரத்தையும் அவள் கதையாகச் சொல்கிறாள், அவ்வளவுதான். ஹோமரின் நெரியஸ் மகளோடும் சேர்க்கலாம், ஹெசியோடின் ஓஷனஸ் மகளோடும் சேர்க்கலாம், இரண்டுக்கும் ஆதாரம் போதாது. அமேசான் கிளிமெனேயை இங்கே போடத் தேவையில்லை. இனம் தெளிவாக இருப்பதால் அவள் தனித் தலைப்புக்கு உரியவள்.

8. எழுதும்போது

எண்ணால் அழைக்காதீர்கள், உறவால் அழையுங்கள். ஒரே தெருவில் மூன்று லட்சுமி இருந்தால் டீச்சர் லட்சுமி, மாடிவீட்டு லட்சுமி என்றுதானே சொல்கிறோம்? ‘மின்யாஸின் மகள் கிளிமெனே’, ‘கேட்ரியஸின் மகள் கிளிமெனே’ என்று எழுதினால் நாளைக்கு ஒருத்தி கூடினாலும் பழைய கட்டுரை எதையும் மாற்ற வேண்டாம். எண் போட்டிருந்தால் எல்லா இணைப்புகளும் தடுமாறும்.

தெய்வங்கள் முதலில், மனிதப் பெண்கள் பிறகு, தீராதவர்கள் கடைசியில் என்ற வரிசை படிப்பவருக்கு வசதி. ஒவ்வொரு தகவலுக்கும் அந்த இடத்திலேயே நூலும் வரியும் கொடுங்கள். பத்தியின் கடைசியில் மொத்தமாகக் கொடுத்தால் எந்தத் தகவல் எங்கிருந்து வந்தது என்று பிரிக்க முடியாது, மரபுகள் மறுபடி கலந்துவிடும்.

மாற்றுச் செய்தியையும் விடாதீர்கள். ஹெசியோடில் கிளிமெனே இருக்கும் இடத்தில், அப்பல்லோடோரஸ் 1.2.3 இயாபெடஸின் மனைவியாக ஓஷனஸின் இன்னொரு மகளான ஆசியாவைச் சொல்கிறார். இது கிளிமெனேயைத் தேடினால் கிடைக்காது, இயாபெடஸைத் தேடினால்தான் கிடைக்கும். ஆகவே பெயரைத் தேடி முடித்தபின், கணவன் பெயரையும் பிள்ளைகள் பெயரையும் ஒரு சுற்று தேடுங்கள். இந்தச் சுற்றைப் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள்.

9. அடுத்துப் பழக வேண்டிய பெயர்கள்

யூரிடிஸியில் தொடங்குங்கள். ஆர்ஃபியூஸின் மனைவி எல்லாருக்கும் தெரிந்தவள் என்பதால் மற்றவர்களை அவளுக்குள் தள்ளிவிடும் பழக்கம் எளிதில் வெளிப்படும். நெஸ்டரின் மனைவி (ஒடிசி 3.452), அக்ரிசியஸின் மனைவியும் டானேயின் தாயுமானவள், ஐலஸின் மனைவி, தீப்ஸ் மன்னன் கிரியோனின் மனைவி என்று இடங்கள் நன்றாகச் சிதறிக் கிடக்கின்றன.

அப்புறம் கிரியூசா. கொரிந்து மன்னன் கிரியோனின் மகள் ஒருத்தி. தீப்ஸின் கிரியோன் வேறு ஆள் என்பதை இங்கே மறக்கக் கூடாது. யூரிப்பிடிஸின் மெடியா நாடகத்தில் அந்த மகளுக்குப் பெயரே இல்லை. மற்ற நூல்களில் கிரியூசா என்றும் கிளாகே என்றும் இரண்டு பெயர்களில் வருகிறாள். ஆகவே அட்டவணையில் ‘வேறு பெயர்’ என்று எட்டாவது பத்தி சேர்க்க வேண்டியிருக்கும். ஈனியாஸின் மனைவி கிரியூசாவுக்கும் அந்தப் பத்தி தேவைப்படும். பௌசானியஸ் 10.26.1-இலேயே, லெஸ்கியோஸ் என்ற கவிஞரும் ‘சிப்ரியா’ காப்பியத்தின் ஆசிரியரும் ஈனியாஸின் மனைவியை யூரிடிஸி என்கிறார்கள் என்ற குறிப்பு இருக்கிறது. அதைக் கிரியூசாவின் அட்டவணையில் ஒரு வரிசையாகவும், யூரிடிஸியின் அட்டவணையில் ஒரு வரிசையாகவும் இரண்டு இடத்திலும் எழுதிவையுங்கள்.